ஐடி-யா, ஜிசிசி-யா, ஃபேக்டரியா: 2026-இல் எது தேறும்?

2026-இல் இன்ஜினியரிங் முடிக்கப்போகும் ஒரு சுமாரான கல்லூரி மாணவருக்குத் தமிழ்நாட்டில் கண்ணுக்குத் தெரியும் வழி மூன்று. டிசிஎஸ், இன்ஃபோசிஸ், காக்னிசன்ட் மாதிரி ஐடி சர்வீஸ் கம்பெனி. வெளிநாட்டு வங்கியோ மருந்து நிறுவனமோ தன் சொந்த வேலைக்காகவே இங்கே நடத்தும் ஜிசிசி (குளோபல் கேப்பபிலிட்டி சென்டர்). அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து ஃபேக்டரி. டிஎன்பிஎஸ்சியை இதில் சேர்க்கவில்லை. 2025 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடம் 3,935, விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல், அது தனிக் கணக்கு.

முதலில் ஐடி. டிசிஎஸ் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னதும் எல்லார் வீட்டிலும் பயம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கத்தி பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள் மேல்தான். ஃபிரெஷர் கவலைப்பட வேண்டியது சம்பளத்தைப் பற்றி, பத்து வருடத்துக்கும் மேலாக அடிப்படைப் படியில் அது வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது. 3.36 லட்சம் சிடிசி (கம்பெனி ஓர் ஆளுக்கு வருடத்தில் செலவழிக்கும் மொத்தத் தொகை) என்றால் பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் போகக் மாதம் கைக்கு வருவது இருபதாயிரத்துச் சொச்சம்; சென்னை ஓஎம்ஆரில் பிஜி விடுதிக்குக் கொடுத்தது போக வீட்டுக்கு என்ன அனுப்புவது? இதில் பலர் கவனிக்காத ஒன்று, டிசிஎஸ் ஃபிரெஷர்களை எடுக்க வைக்கும் என்க்யூடி தேர்வில் நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என்று படிகள் இருக்கின்றன. நிஞ்சாவுக்கு மேலே சொன்ன மூன்றேகால் சொச்சம், டிஜிட்டலுக்கு ஏறத்தாழ 7, பிரைமுக்கு 9-க்கும் மேல். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருந்த இரண்டு பேர் இரண்டு மடங்கு வித்தியாசத்தில் சேருகிறார்கள், காரணம் பெரும்பாலும் கோடிங் பகுதிதான். ஆறு மாதம் உட்கார்ந்து படிக்க வேண்டியது இதற்குத்தான்.

ஜிசிசி பெயர் இப்போது எல்லார் வாயிலும். 2024 கணக்குப்படி இந்தியாவில் 1,700-க்கும் மேற்பட்டவை, வேலை பார்ப்பவர்கள் சுமார் 19 லட்சம். சம்பளமும் சர்வீஸ் கம்பெனியை விட நன்றாகவே இருக்கும். ஆனால் தமிழ்நாடு அரசின் 2024 பட்ஜெட்டில் இவற்றுக்கு அறிவித்த சம்பள மானியத்தைப் பாருங்கள்: முதல் வருடம் சம்பளத்தில் 30 சதவீதம், அடுத்து 20, அதற்கடுத்து 10, அதுவும் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் உள்ள வேலைகளுக்கு. யாருக்காக இந்தக் கடை விரித்திருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. அனுபவம் இல்லாமல் உள்ளே போகும் வழி இன்டர்ன்ஷிப், அதுவும் அவர்கள் பொறுக்கி எடுத்த சில கல்லூரிகளில்தான். மற்றவர்கள் மூன்று வருடம் சர்வீஸில் உருப்படியான ப்ராஜெக்ட் பார்த்துவிட்டு இங்கே தாவலாம்.

ஃபேக்டரியைத்தான் நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. 2024-25-இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டின் மொத்தத்தில் சுமார் 41 சதவீதம். ஃபாக்ஸ்கானும் டாடா எலக்ட்ரானிக்ஸும் இங்கேதான். தொடக்கச் சம்பளம் ஐடி அளவுதான், பல இடங்களில் குறைவு, நைட் ஷிஃப்ட் வேறு. ஆனால் கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு என்று செலவு மிச்சம். போர்டில் சில்லு பதிக்கும் எஸ்எம்டி லைனில் சில்லை உறிஞ்சி எடுக்கும் நாசில் அடைத்து நின்றாலோ, சால்டரை உருக்கி ஒட்டவைக்கும் ரீஃப்ளோ ஓவனில் வெப்பம் தப்பினாலோ லைனே நிற்கும், அதைச் சட்டென்று கண்டுபிடிக்கிற ஆளை எந்த மேனேஜரும் லேசில் விடமாட்டார். ஒன்று மட்டும் கவனம்: அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் கையெழுத்து கம்பெனியுடையதா, கான்ட்ராக்டருடையதா? 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்படி ஆர்டர் கட்டாயம் தர வேண்டும், குறித்த காலத்துக்கு எடுத்த ஊழியருக்கும் ஒரு வருடத்தில் கிராஜுவிட்டி உண்டு.

இன்டர்வியூ மூன்றிலும் மாறுகிறது. பக்கத்து ஸ்கிரீனில் சாட்ஜிபிடியைத் திறந்து வைத்துப் பதில் படிக்கிறார்கள் என்று தெரிந்தபின் பல கம்பெனிகள் நேரில் வரச் சொல்கின்றன. பேப்பரும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்வார்கள், பழகிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இசிஇ, ஈஈஈ, மெக்கானிக்கல் என்றால் முதலில் ஃபேக்டரிக்கு அப்ளை பண்ணுங்கள், மூன்று லட்சத்துக்காகக் கோடிங் பக்கம் ஓடாதீர்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் சர்வீஸின் மேல்படிக்குக் குறி வையுங்கள். எதில் ஆஃபர் வந்தாலும் ஜாயினிங் தேதியை எழுத்தில் கேளுங்கள், 2022 பேட்சில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.