டி கோலும் மெண்டேஸும்: ஆட்சியைப் பற்றி இரண்டு பிரெஞ்சுப் பார்வைகள்

பிரான்சின் ஜனாதிபதியாக இருந்த சார்லஸ் டி கோலைத் தெரியாதவர்கள் குறைவு. பியேர் மெண்டேஸ் பிரான்ஸ் அப்படியில்லை. அவர் பிரான்சின் பிரதமராக இருந்ததே 1954 ஜூன் முதல் 1955 பிப்ரவரி வரை, ஏழரை மாதம்தான். ஆனாலும் நாட்டை எப்படி ஆள்வது என்ற கேள்வியில் டி கோலுக்கு எதிரே நிறுத்தத் தகுந்தவர் அவர்தான் என்பது என் எண்ணம். மித்தரான் இல்லையா என்று கேட்கலாம். டி கோலின் அரசியலமைப்பைக் கடுமையாகச் சாடிவிட்டு, 1981-இல் அதே ஜனாதிபதி நாற்காலியில் ஏறி 14 ஆண்டுகள் வசதியாக உட்கார்ந்திருந்தவர் மித்தரான். அவரை விட்டுவிடுவோம்.

டி கோலும் மெண்டேஸும் தொடக்கத்தில் ஒரே அணிதான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் சிறையிலிருந்து 1941-இல் தப்பிய மெண்டேஸ், லண்டனுக்குப் போய் டி கோலின் சுதந்திர பிரான்ஸ் விமானப்படையில் சேர்ந்தார். பிரான்ஸ் ஜெர்மனியிடமிருந்து விடுதலையான பிறகு டி கோலின் பொருளாதார அமைச்சரானார். புழக்கத்தில் இருக்கும் பணத்தைக் கடுமையாகக் குறைத்தால்தான் விலைவாசி அடங்கும் என்றார் மெண்டேஸ். நிதி அமைச்சர் பிளவென் மென்மையான வழியைச் சொன்னார், டி கோலும் அதையே ஏற்றார். 1945 ஏப்ரலில் மெண்டேஸ் ராஜினாமா செய்துவிட்டார்.

டி கோலின் பார்வை 1946 ஜூனில் பாயோ நகரில் பேசிய உரையிலேயே தெளிவாக இருக்கிறது. கட்சிகள் நாட்டைத் துண்டு போடும், அவற்றுக்கு மேலே நின்று நாட்டின் பெயரால் முடிவெடுக்க ஒரு தலைவர் வேண்டும். 1958-இல் அல்ஜீரிய நெருக்கடி அவரைத் திரும்ப அழைத்துவந்தபோது அதையே அரசியலமைப்பாக்கினார். 1962-இல் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் திருத்தத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டார். கோபம் கொண்ட நாடாளுமன்றம் அவருடைய பிரதமர் பொம்பிடுவின் அரசைக் கவிழ்த்தது. டி கோல் நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டு, வாக்கெடுப்பிலும் தேர்தலிலும் ஜெயித்தார்.

மெண்டேஸுக்கு இந்த நேரடித் தேர்தலே பிடிக்கவில்லை. ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏழு ஆண்டுகள் சும்மா இருப்பது ஜனநாயகம் ஆகாது என்பது அவர் வாதம். அரசு தன் திட்டத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும், நாடாளுமன்றம் அதை ஒப்பந்தம்போல ஏற்று அதன்படி கணக்குக் கேட்க வேண்டும். ஆள்வது என்றால் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பது என்பார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தருகிறேன் என்பவரை நம்பாதே என்று இதற்குப் பொருள்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். வியட்நாமில் பிரெஞ்சுப் படைத்தளமான தியன் பியன் பூ வீழ்ந்த சில வாரங்களில் பதவிக்கு வந்தவர், ஜூலை 20-க்குள் இந்தோசீனாவில் போர்நிறுத்தம் வராவிட்டால் விலகிவிடுவேன் என்றார். கெடு முடிந்த அந்த இரவிலேயே ஜெனீவாவில் உடன்பாடு வந்தது. அதே மாதக் கடைசியில் துனீசியாவுக்குப் போய் உள்நாட்டுத் தன்னாட்சியை அறிவித்தார். நம் புதுச்சேரியும் இந்தக் கணக்கில் வரும்: அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது.

அல்ஜீரியப் போர் வெடித்ததும் அதே நவம்பர் 1-இல்தான். அங்கே மெண்டேஸ் கெடு எதுவும் வைக்கவில்லை. அல்ஜீரியா பிரெஞ்சுக் குடியரசின் பிரிக்க முடியாத பகுதி என்று எல்லோரையும்போலவே பேசினார். அப்படியும் வட ஆப்பிரிக்க விவகாரத்திலேயே அவர் அரசைக் கவிழ்த்தார்கள். அவருடைய முறைக்குப் பொறுப்பான நாடாளுமன்றம் வேண்டும், அவருக்குக் கிடைத்ததோ பன்னிரண்டு ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட அரசுகளைப் பார்த்த நான்காம் குடியரசு, அதாவது டி கோலின் 1958 அரசியலமைப்புக்கு முந்தைய ஆட்சிமுறை. அல்ஜீரியாவை 1962-இல் விடுவிக்க டி கோலின் இயந்திரம்தான் தேவைப்பட்டது. 1956-இல் கையெழுத்தான புதுச்சேரி ஒப்பந்தம்கூட அதே 1962-இல்தான் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது.

நாட்டின் பெருமை என்னும் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் ருசியானது. மகத்துவம் இல்லாமல் பிரான்ஸ் பிரான்ஸே அல்ல என்றவர் டி கோல். 1960-இல் அணுகுண்டைச் சோதித்தார், 1966-இல் நேட்டோவின் கூட்டு ராணுவக் கட்டமைப்பிலிருந்து வெளியேறினார். மெண்டேஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார், வீட்டிலேயே சாராயம் வடிப்பவர்களின் சலுகையில் கைவைத்தார். திராட்சை மது நாட்டில் பால் குடிக்கும் பிரதமர் என்று கேலிச்சித்திரக்காரர்களுக்கு நல்ல வேட்டை. சரி, ஆனால் பெருமைக்கு அடியில் பொருளாதாரமும் பள்ளியும் இருக்க வேண்டும் என்பதை அந்தப் பால் டம்ளர் சொன்ன அளவுக்கு அணுகுண்டு சொல்லவில்லை.

என் சாய்வு மெண்டேஸ் பக்கம்தான் என்பது தெரிந்திருக்கும். டி கோலின் அமைப்பில் வாக்கெடுப்பே இல்லாமல் சட்டத்தை நிறைவேற்றும் 49.3 பிரிவு இருக்கிறது. 2023-இல் ஓய்வூதிய வயதை உயர்த்தியது அதை வைத்துத்தான். இருந்தாலும் ஒரு விஷயத்தில் டி கோலைக் குறை சொல்ல முடியாது. 1969 ஏப்ரல் 27-இல் செனட் சீர்திருத்த வாக்கெடுப்பில் தோற்றார், மறுநாளே பதவியை விட்டுப் போனார். 2005-இல் ஐரோப்பிய அரசியலமைப்பு வாக்கெடுப்பில் தோற்ற ஜனாதிபதி சிராக் பிரதமரை மாற்றினார். 2024-இல் தானே கலைத்த நாடாளுமன்றத்தின் தேர்தலில் தோற்ற ஜனாதிபதி மக்ரோனும் பிரதமர்களைத்தான் மாற்றினார்.