யாக்கோபின் வீட்டில் ஆறு சனிக்கிழமை

போன ஆகஸ்டிலும் செப்டம்பரிலுமாக ஆறு சனிக்கிழமை, பாளையங்கோட்டையில் ஒரு சபை நடத்திய குடும்ப வேதபாட வகுப்புக்கு நானும் என் வீட்டுக்காரியும் போய்வந்தோம். வேதாகமத்தில் வருகிற குறைபட்ட குடும்பங்கள்தான் பாடம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலத்துக்கு முன்னால் மறுபடியும் நடத்துகிறார்களாம். சேரலாமா என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன். கட்டாயம் சேருங்கள். இரண்டு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாலை 4.30 முதல் 6 வரை வகுப்பு. ஒரு குடும்பத்துக்கு 300 ரூபாய். ஜெராக்ஸ் நோட்டு, டீ, சுண்டல் எல்லாம் அதற்குள். பிள்ளைகளுக்குப் பக்கத்து அறையில் தனி வகுப்பு. பெரியவர்கள் முப்பது பேருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தோம். நடத்தியவர் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற அம்மா. எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம்.

குடும்ப வகுப்பு என்றாலே எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. ஆபிரகாமைப் போல விசுவாசம், சாராளைப் போல அடக்கம் என்று கேட்டே வளர்ந்து 63 வயதாகிவிட்டது. அப்படிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது, ஊரில் நம் வீடு ஒன்றுதான் கோணல் என்று தோன்றும். டீச்சர் முதல் நாளே ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். ஆபிரகாம் அடிமைப்பெண் ஆகாரையும், அவளிடம் தனக்குப் பிறந்த இஸ்மவேலையும் அனுப்பிவிடுகிற இடம். "ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் உடைய சீமான் இவர். பெற்ற மகனுக்கு என்ன கொடுத்து அனுப்பினார், பாருங்க" என்றார். அப்பமும் ஒரு துருத்தி தண்ணீரும். அவ்வளவுதான். ஒருவரும் பேசவில்லை. ஆபிரகாமுக்காகச் சாக்குச் சொல்ல டீச்சர் அவசரப்படவில்லை. அந்தப் பிள்ளையின் அழுகையைத் தேவன் கேட்டார் என்ற வசனத்துக்கு வந்தபிறகுதான் ஜெபம் செய்தோம். இந்த வகுப்பை நம்பலாம் என்று எனக்கு அன்றைக்கே பட்டது.

இரண்டாம் வாரம் ஆபிரகாமின் மகன் ஈசாக்கின் வீடு. மனைவி ரெபெக்காள், இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவன் ஏசா, இளையவன் யாக்கோபு. ஒன்றரை மணி நேரத்தில் பாதி 25-ஆம் அதிகாரம் 28-ஆம் வசனத்திலேயே போயிற்று. ஏசா வேட்டையாடிக் கொண்டுவருகிறது ஈசாக்கின் வாய்க்கு ருசிகரமாயிருந்ததினாலே ஏசாவின்மேல் பட்சமாயிருந்தான். ரெபெக்காளோ யாக்கோபின்மேல் அன்பாயிருந்தாள். பழைய மொழிபெயர்ப்பில் எத்தனையோ தடவை வாசித்த வசனம். பட்சம் என்றால் பிரியம், பக்கம் என்றும் அர்த்தம் உண்டு என்றார் டீச்சர். பிரியப்படுவதும் ஒரு பக்கம் சாய்வதும் ஒரே சொல்லுக்குள் கிடக்கிறது. அடுத்து 27-ஆம் அதிகாரத்தில் புருஷனும் பெண்சாதியும் நேருக்கு நேர் எங்கே பேசிக்கொள்கிறார்கள் என்று தேடச் சொன்னார். தேடித் தேடி 46-ஆம் வசனத்துக்குத்தான் வந்தோம். அதிலும் ரெபெக்காள் மருமகள்மாரைப் பற்றிச் சலித்துக்கொள்கிறாள். தாய் சொல்படி யாக்கோபு தகப்பனை ஏமாற்றி அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கியது, ஏசாவின் கொலைவெறி எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டது. அண்ணன் கோபம் ஆறுகிறவரை சிலநாள் போயிரு என்று யாக்கோபைத் தன் சகோதரன் வீட்டுக்கு அனுப்புகிறாள். அந்தச் சிலநாள் 20 வருஷமாயிற்று. அதன்பிறகு அவள் உயிரோடு கதைக்குள் வருவதே இல்லை. அவளுடைய தாதி தெபொராள் இறந்த செய்தி இருக்கிறது, அவள் இறந்தது இல்லை.

அன்று அந்த ருசி என்கிற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் அம்மா சீலா மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு தம்பி தட்டுக்குத்தான் போகும். எனக்கு வால் பக்கம். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக மனசில் வைத்திருக்கிறேன் என்பது அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னது: "சின்னவன் போன் வந்தா எந்திரிச்சு வாசலுக்குப் போய் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதீங்க. பெரியவன் கூடவே கெடக்கான். அவன்கிட்ட கரண்ட் பில்லைத் தவிர என்ன பேசியிருக்கீங்க?" நான் பதில் சொல்லவில்லை. சின்னவன் பெங்களூரில் இருக்கிறான். பெரியவன் எலக்ட்ரீஷியன், எங்களோடுதான் இருக்கிறான். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அவன்தான்.

மூன்றாம் வாரம் லேயாள், யாக்கோபின் மூத்த மனைவி. அவன் நேசித்தது அவள் தங்கை ராகேலைத்தான், அவளும் அவன் மனைவி. அன்று பேசியதெல்லாம் பெண்கள்தான். அறையில் பேசியது அறையோடு என்று முதல் நாளே ஒப்புக்கொண்டோம், அதனால் பாடத்தை மட்டும் சொல்கிறேன். முதல் மூன்று பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதும் அவள் ஏக்கம் தெரிகிறது. புருஷன் நேசிப்பார், தான் வெறுக்கப்பட்டது கர்த்தருக்குக் கேட்டது, இனியாவது புருஷன் சேர்ந்திருப்பார். நான்காவது பிள்ளை யூதாவுக்கு வரும்போது புருஷன் பேச்சே இல்லை, இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன் என்கிறாள். அந்த யூதாவின் வம்சத்தில்தான் தாவீது வந்தார், இயேசுவும் வந்தார். ராகேலை எப்பிராத்தா வழியில் அடக்கம்பண்ணினார்கள். யாக்கோபு சாகும்போது தன்னை வைக்கச் சொன்ன குடும்பக் கல்லறையான மக்பேலா குகையில் முன்பே இருந்தவள் லேயாள்.

நான்காம் வாரத்துக்காகவே இந்த வகுப்புக்குப் போகலாம். ஊர் திரும்பும்போது யாக்கோபு அண்ணன் ஏசாவுக்கு அனுப்பிய காணிக்கையைக் கூட்டிப்பார்க்கச் சொன்னார். வெள்ளாட்டில் 220, செம்மறியில் 220, பால் கொடுக்கிற ஒட்டகம் 30, கடாரியும் காளையும் 50, கழுதை 30. ஒட்டகக் குட்டிகளை விட்டுவிட்டு 550. மந்தை மந்தையாக, இடைவெளி விட்டு அனுப்புகிறான். எதிரே ஏசா 400 பேரோடு வருகிறான். வந்தவன் என்ன செய்தான்? ஓடிவந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முத்தஞ்செய்தான். டீச்சர் உடனே லூக்கா 15-ல் கெட்டகுமாரன் கதையைத் திருப்பச் சொன்னார். இளையகுமாரனைத் தூரத்தில் கண்ட தகப்பனும் ஓடுகிறான், கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், முத்தஞ்செய்கிறான். ஏறக்குறைய அதே சொற்கள். பிதாவின் அன்புக்கு ஆண்டவர் சொன்ன கதையில், ஏமாற்றப்பட்ட அந்த ஏசாவின் ஓட்டம் தெரிகிறது. இத்தனை வருஷம் ஆலயத்துக்குப் போகிற நான் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

டீச்சர் அதோடு விட்டுவிடவில்லை. சேயீருக்கு உம்மிடம் வருகிறேன் என்று யாக்கோபு சொல்கிறான். போனது சுக்கோத்துக்கு. அண்ணன் தம்பி சேர்ந்து குடியிருக்கவே இல்லை. பிறகு இருவரையும் ஒன்றாகப் பார்ப்பது 35-ஆம் அதிகாரக் கடைசியில், தகப்பன் ஈசாக்கை அடக்கம்பண்ணும்போது. அதற்கு முன் ஆபிரகாமை அடக்கம்பண்ணினதும் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்துதான். இந்த வீட்டு அண்ணன் தம்பிகள் கல்லறையில் கூடுகிறார்கள்.

நானும் என் தம்பியும் பேசி ஒன்பது வருஷம். வீடு விற்ற பணத்தில் வந்தது. அவன் வீடு வண்ணார்பேட்டையில், பஸ்ஸில் பத்து நிமிஷம். அம்மா அடக்கத்தின்போது அவன் குழிக்கு அந்தப் பக்கம் நின்றான், நான் இந்தப் பக்கம். அந்தச் சனிக்கிழமை ராத்திரி அவனுக்குப் போன் போட்டேன். "நவம்பர் வருதுல்லா, அம்மா கல்லறைக்கு வெள்ளை அடிக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "பாதி நான் தாரேன் அண்ணே" என்றான். வேறு எதுவும் பேசவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் காலையில் நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது அவன் முன்பே வந்துபோயிருந்தான். சிலுவைக்கு அடியில் மெழுகுவர்த்தி எரிந்து முடிந்து, மெழுகு இன்னும் இளகிக் கிடந்தது. என்னுடையதை அதன்மேலேயே நட்டேன்.

ஐந்தாம் வாரம் யோசேப்பு, யாக்கோபுக்கு ராகேலிடம் பிறந்த செல்லப்பிள்ளை. இங்கே ஒன்று என்னை உலுக்கியது. வெள்ளாட்டுக்குட்டித் தோலைப் போர்த்தித் தகப்பனை ஏமாற்றிய யாக்கோபை, வெள்ளாட்டுக்கடா ரத்தத்தில் தோய்த்த யோசேப்பின் அங்கியைக் காட்டி அவன் பிள்ளைகள் ஏமாற்றுகிறார்கள். பழைய சொல்லும் திரும்ப வருகிறது: சகோதரர் யோசேப்போடே பட்சமாய்ப் பேசவில்லை. பிள்ளைகள் அறையில் அன்று பலவருண அங்கிக்கு வர்ணம் தீட்டக் கொடுத்தார்களாம். ஒரு குழந்தை தாளைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்து, "மத்த பிள்ளைங்களுக்கு அவுங்க அப்பா சட்டை தைக்கலையா?" என்று கேட்டது. டீச்சர் அதைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இல்லம்மா, தைக்கல" என்றார்.

யூதாவைப் பற்றி டீச்சர் சொன்னதை நான் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்னவன் அவன். ஏறக்குறைய 22 வருஷம் கழித்து, ராகேலின் இளைய மகன் பென்யமீனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று, எகிப்தில் அதிபதியாகிவிட்ட அதே யோசேப்பிடம், ஆள் தெரியாமலே கெஞ்சுகிறான். தகப்பன் மாறவில்லை. இன்னும் ராகேலின் பிள்ளைமேல்தான் உயிர். அது தெரிந்தும் அந்தத் தகப்பனுக்காகவே யூதா நிற்கிறான். யோசேப்பு அவர்களை மன்னித்து, 17 வருஷம் எகிப்தில் ஒன்றாக வாழ்ந்த பிறகும், தகப்பன் இறந்ததும் சகோதரருக்குப் பயம் வந்துவிடுகிறது, யோசேப்பு பழிவாங்குவானோ என்று. அதைக் கேட்டு யோசேப்பு அழுகிறான். தேவன் தீமையை நன்மையாக முடியப்பண்ணினார் என்று நாம் அடிக்கடி சொல்கிற வசனம் அந்த அழுகைக்குப் பிறகுதான் வருகிறது.

இனி குறை. ஆறாம் வாரம் தாவீதின் வீட்டை முழுசாக ஒன்றரை மணி நேரத்தில் அடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. அவர் மகன் அப்சலோம் கேசூருக்கு ஓடிப்போய் மூன்று வருஷம், அப்புறம் எருசலேமிலேயே இரண்டு வருஷம் தகப்பன் முகத்தைப் பார்க்காமல் இருந்தது, இதற்கே ஒரு வாரம் வேண்டும். அதைவிட முக்கியம், 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தை, தாவீதின் மகள் தாமாரை வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் பலாத்காரம் செய்ததை, ஆண்களும் பெண்களும் கலந்திருக்கிறோம் என்று வாசிக்காமல் தாண்டினார்கள். வாசித்திருக்க வேண்டும். அவளும் பலவருண வஸ்திரம் உடுத்தியிருந்தாள், அதைக் கிழித்துக்கொண்டு அழுதுகொண்டு போனாள். தாவீது கோபப்பட்டார், மகனை ஒன்றும் செய்யவில்லை. வேதம் மறைக்காமல் எழுதிவைத்ததை நாம் மறைத்தால், அப்படி அடிபட்ட பிள்ளை நம் சபையில் இருந்தால் யாரிடம் போகும்? இதை டீச்சரிடம் நேரிலேயே சொன்னேன். அடுத்த தடவை ஏழு வாரமாக்க முயற்சி செய்வதாகச் சொன்னார்.

இன்னொன்று, நோட்டில் எழுத்து ரொம்பப் பொடி. என் வயதுக்காரர்கள் பெரிய எழுத்து வேதாகமத்தையே எடுத்துப்போங்கள். பழைய மொழிபெயர்ப்பாக இருந்தால் நல்லது, பட்சம் போன்ற சொற்கள் அதில்தான் கிடைக்கும். தம்பதியாகப் போகிறவர்கள் கலந்து பேசும்போது வேறு வேறு வட்டத்தில் உட்காருங்கள். வீட்டுக்கு வந்து பேச விஷயம் இருக்கும்.

லெந்துக்கு முந்தின வகுப்புக்கு நாங்கள் பணம் கட்டிவிட்டோம். இந்தத் தடவை பெரியவனும் வருகிறான். சனிக்கிழமை நாலு மணிக்குள் வேலையை முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.