ஹோமோகிராஃப்ட் வால்வு ஆபரேஷன்: ஆபரேஷன் அருமை, மற்றதெல்லாம் சுமார்

என் வீட்டுக்காரருக்கு 2017இல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அயோர்ட்டிக் ரூட்டை, அதாவது இதயத்திலிருந்து மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய் கிளம்பும் இடத்தை வால்வோடு சேர்த்து, மாற்றினார்கள். வால்வில் கிருமித்தொற்று வந்து, பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் தானமாகக் கொடுத்த வால்வும், அதோடு ஒட்டிய மகாதமனித் துண்டும்தான் வைத்தார்கள். திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருந்தது. இதைத்தான் ஹோமோகிராஃப்ட் என்கிறார்கள்.

ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீழை வழித்தெடுத்தால் அந்த இடம் நைந்து கிடக்கும், செயற்கை வால்வின் விறைப்பான வளையத்தை அங்கே தைப்பது கஷ்டம், மனிதத் திசு வளைந்து கொடுக்கும் என்று சர்ஜன் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். கிருமி திரும்ப வரவே வராது என்று மட்டும் சொல்லவில்லை. எந்த வால்வு வைத்தாலும் அந்த அபாயம் உண்டாம். கெட்டுப்போனதை முழுசாக எடுப்பதுதான் முக்கியமாம்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின் மாத்திரை கிடையாது. உலோக வால்வு வைத்த என் பெரியப்பா ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் டெஸ்டுக்கு அலைவார், அந்த மாத்திரையோடு ஒத்துப்போகாதே என்று கீரையைக் கண்டாலே யோசிப்பார். இவர் முருங்கைக்கீரையை இஷ்டத்துக்குச் சாப்பிடுகிறார். கிட்னி மாற்றியவர்களைப் போல எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரையும் இல்லை. சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

பில்லில் 'வால்வு' என்று ஒரு பெரிய தொகை. தானமாக வந்ததற்கு விலையா என்று சண்டை போட்ட பிறகுதான், பரிசோதித்துப் பதப்படுத்திப் பாதுகாக்கும் செலவு என்றார்கள். அதை அப்படியே எழுதினால் என்ன?

கவுன்சலிங் பெண் "ஆயுசுக்கும் இதுதான், கவலையே வேண்டாம்" என்றார். தப்பு. இதில் கால்சியம் படியும். பத்துப் பதினைந்து வருஷத்தில் பலருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படும், இளவயதுக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம். வைத்த மகாதமனித் துண்டின் சுவர் முட்டை ஓடு மாதிரி இறுகிவிடுவதால் அது சுலபமான ஆபரேஷனும் இல்லை. இவருடைய கடைசி எக்கோ ஸ்கேனில் வால்வுக் கசிவு லேசுதான், ஆனால் சுவரில் கால்சியம் என்று எழுதியிருக்கிறது.

அப்புறம் பல் விஷயம். வாய்க் கிருமி ரத்தம் வழியாக வால்வுக்குப் போகாமல் இருக்க, பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் போட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இல்லை. திருச்சியில் பல் டாக்டர்தான் விசாரித்து, ஒரு மணி நேரம் முன்னால் அமாக்ஸிசிலின் 2 கிராம் கொடுத்தார். வால்வில் ஏற்கெனவே தொற்று வந்தவரை இப்படியா அனுப்புவது?

செக்கப்புக்கு இன்னும் அந்த சர்ஜனிடம்தான் போகிறோம். புதிதாகப் போகிறவர்கள் கவுன்சலிங் அறையோடு நிறுத்தாமல், இரண்டாவது ஆபரேஷனைப் பற்றி அவரிடமே கேளுங்கள். ஓ.பி.யில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் உட்கார வைத்துப் பேசுவார்.