மாடித் தளத்துக்கு எந்த நுரை: தெர்மாகோல் பலகையா, தெளிக்கும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோமா?

வெயிலைத் தடுக்கும் நுரைக்குக் கரண்ட் பில் மிச்சம் மட்டும் கணக்கில்லை. தயாரிக்கும்போது காற்றில் கலந்தது, இடிக்கும்போது குப்பைக்குப் போவது, எல்லாம் சேர்த்தி.

தெர்மாகோல் கன அளவில் சுமார் 98 சதவீதம் காற்றுதான். அதன் பிளாஸ்டிக் மணிகளை உப்ப வைப்பது பென்டேன் என்ற வாயு. பூமியைச் சூடாக்குவதில் அதன் பங்கு சொற்பம். பியூ ஃபோம் கதை வேறு. இந்தியாவில் அதை உப்ப வைக்க நெடுநாள் பயன்பட்டது எச்சிஎஃப்சி-141பி என்ற ரசாயனம். ஓசோனையும் கரைக்கும், கார்பன் டை ஆக்சைடைவிட எழுநூறு மடங்குக்கு மேல் சூடாக்கவும் செய்யும். 2020 ஜனவரி 1 முதல் நுரைத் தயாரிப்பில் அதற்குத் தடை. இன்று தெளிக்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "உப்ப வைக்க என்ன போடுறீங்க?" எச்எஃப்சி (ஓசோனைக் கரைக்காது, ஆனால் பூமியை நன்றாகச் சூடாக்கும்) என்றால் யோசியுங்கள், தண்ணீரோ எச்எஃப்ஓவோ (மிகக் குறைவாகவே சூடாக்கும் புதுவகை) என்றால் சரி.

குறைந்த தடிமனில் வேலை முடிப்பதில் பியூதான் கெட்டிக்காரன். 75 மில்லிமீட்டர் தெர்மாகோல் செய்யும் வேலையை அது ஏறக்குறைய 50-இல் முடித்துவிடும், இடுக்கும் விடாது. ஆனால் மேல்பூச்சு இல்லாமல் வெயிலில் விட்டால் பழுப்பேறிப் பொடியாக உதிரும். கான்கிரீட்டோடு ஒட்டிப்போவதால், இடிக்கும்போது பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. பசையில்லாமல் அடுக்கிய தெர்மாகோலை அப்படியே எடுத்து வேறு தளத்தில் போடலாம், நீர்க்கசிவு அண்டாமல் இருந்திருந்தால்.

தட்டையான மாடிக்கு என் ஓட்டு தெர்மாகோலுக்கு. வளைவும் போல்ட்டுமாக இருக்கும் தகரக் கூரையில் பலகை சரியாக உட்காராது, அங்கே பியூ.