மாமாவின் வெள்ளி அரைஞாண்

விமானம் நேரத்துக்கு இறங்கியது, பெட்டி தொலையவில்லை, ஏற்காடு எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைத்தது. அதைப் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. மூன்று வாரம் சேலத்தில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றுவது ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றித்தான். அதுவும் ஒரு அரைஞாண் கொடியால் வந்த வினை.

தாய்மாமாவுக்குக் கல்லீரலில் கட்டி. 2.1 சென்டிமீட்டர். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் எந்தக் காலத்திலோ உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. மூன்று சென்டிமீட்டருக்குள் இருப்பதால் வயிற்றைக் கிழிக்காமல் ஊசி வைத்துச் சுட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் வேலை பார்ப்பது அயர்லாந்தில், கால்வேயில், ஒரு மருத்துவக் கருவித் தொழிற்சாலையில். அந்த ஊரில் மழைக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது இந்தத் தொழிற்சாலைகள்தான். கட்டியைச் சுடுகிற ஜெனரேட்டர்களைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

"அந்த மிஷினை நீதான் செய்யுறியா கண்ணு?" என்றார் மாமா.

"செய்யறதில்ல மாமா, சோதிக்கிறேன்."

"அது போதும், கெளம்பி வா."

சரி, வந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஐந்து ரோட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம், அவ்வளவு போதும். காலை ஆறு மணிக்கே சேர்த்துவிட்டோம். ஃபைல் போட ஒரு ஜன்னல், பணம் கட்ட இன்னொரு ஜன்னல், கட்டிய ரசீதைக் காட்டி முத்திரை வாங்க மறுபடி முதல் ஜன்னல். ஜிபே செய்யலாம், ஆனால் சர்வர் வரவில்லை, ஆகவே ரொக்கம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கால்வேயில் அவசரப் பிரிவுக்குப் போய் இரவு முழுக்க நடைபாதையில் டிராலியில் படுத்துக் கிடந்தவன் நான் என்பதால் வாயைத் திறக்கவில்லை. இங்கே குறைந்தபட்சம் கட்டில் இருந்தது, மின்விசிறியும் சுற்றியது.

எட்டு மணிக்கு ஒரு சிஸ்டர் வந்தார், நாற்பது வயது இருக்கும், கையில் ஒரு தாள். பல்செட் இருக்கா? இல்லைங்க. பேஸ்மேக்கர்? இல்லைங்க. நகை ஏதாச்சும் போட்டிருக்கீங்களா? "நகையா, எனக்கா? ஒன்னுமில்லீங்க" என்றார் மாமா. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், பெரிய நிபுணன். தலையை வேறு ஆட்டினேன். அயர்லாந்தாக இருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் விழுந்து கதை முடிந்திருக்கும்.

சிஸ்டர் டிக் போடவில்லை. "பெரியவரே, வேட்டியக் கொஞ்சம் தளத்துங்க" என்றார். பனியனைத் தூக்கிப் பார்த்தார். விரல் தடிமனில் வெள்ளி அரைஞாண், தொப்பைக்குக் கீழே சதைக்குள் புதைந்து கிடந்தது.

மாமா பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது நகையே இல்லை, உடம்பில் ஒரு உறுப்பு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். கல்யாணத்துக்குத் தன் கையாலேயே செய்து போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு அவிழ்த்ததே இல்லை.

ஏன் அவிழ்க்க வேண்டும் என்பது எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும், அதனால்தான் கூச்சமாகப் போய்விட்டது. இந்தச் சிகிச்சையில் ஊசி சூடாகி அது கட்டியைச் சுடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் வீட்டுக் கரண்ட் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது; இந்த ஜெனரேட்டர் அனுப்புவது ஏறக்குறைய 5 லட்சம் தடவை அப்படிப் போய்வருகிற மின்சாரம். அந்த வேகத்தில் தசை துடிக்காது, ஷாக் அடிக்காது. 1891-லேயே பிரான்சில் தார்சோன்வால் என்பவர் இதைக் காட்டிவிட்டார். ஊசி நுனியைச் சுற்றியுள்ள திசுவில் இருக்கும் அயனிகள் அந்த இழுபறியில் உரசி உரசிச் சூடாகின்றன. 60 டிகிரியைத் தொட்டால் செல்கள் வெந்துவிடும். 100-ஐத் தாண்டவிடக்கூடாது, திசு கருகிக் கரியாகி மின்சாரத்தையே மறித்துவிடும். அதனால் ஊசிக்குள்ளே குளிர்ந்த நீரை ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள். உள்ளே போன மின்சாரம் வெளியே வர வேண்டுமே, அதற்கு இரண்டு தொடையிலும் அகலமான பேடு ஒட்டுவார்கள். முடியை மழித்து, இரண்டையும் ஒரே உயரத்தில், சுருக்கம் இல்லாமல் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே தோல் பொசுங்கும். ஊசி கல்லீரலில், பேடு தொடையில். இரண்டுக்கும் நடுவே இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளி வளையம்! தோலை ஒட்டிக் கிடக்கிற உலோகத்தில் மின்சாரம் கூடி அந்த இடம் சுட்டுவிடலாம். நான் வருஷம் முழுக்க இந்தப் பேடு சமாச்சாரத்தைத்தான் சோதிக்கிறேன். மாமாவின் இடுப்பைச் சிஸ்டர் பார்த்தார், நான் பார்க்கவில்லை.

மைக்ரோவேவ் கருவியாக இருந்திருந்தால் பேடே வேண்டாம், இந்தக் கதையும் நடந்திருக்காது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது இதுதான்.

"கழட்டிடலாம்" என்று நான் சொன்னதும் அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். உயிரோடு இருக்கிற ஆம்பிளை இடுப்பில் அரைஞாண் இல்லாமல் இருக்கலாமா, அதை எப்போது அறுப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா, வெளிநாடு போனால் இதெல்லாம் மறந்துபோகுமா என்று ஒரே மூச்சில். எனக்குத் தெரியும். தாத்தாவுக்கு அறுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கல்லூரிப் பையன் மாதிரி மின்சாரப் பாடம் எடுக்கத் தொடங்கினேன். யார் கேட்பது?

சிஸ்டர் ஒன்றும் பேசாமல் போய், தன் மேசை இழுவறையைத் திறந்து, சிவப்பு அரைஞாண் கயிற்றுக் கண்டு ஒன்றை எடுத்து வந்தார். "அம்மா, மொதல்ல இதக் கட்டிடுறோம். அப்பறமா வெள்ளிய எடுக்குறோம். ஒரு நிமிஷங்கூட வெறும் இடுப்பா இருக்க மாட்டார்" என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே கட்டிவிட்டார். வெறும் நூல்தானே, கரண்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

நான் அந்தக் கண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. எத்தனை இடுப்புக்குப் போயிருக்கும்! எங்கள் கருவியோடு போகும் கையேட்டில் இப்படி ஒரு வரி கிடையாது, திரும்பி வந்ததும் தேடிப் பார்த்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல அனுபவம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். திருகாணி கழலவில்லை. நாற்பது வருஷத்து வியர்வையும் அழுக்கும் சேர்ந்து மரை இறுகிவிட்டது. தொப்பை போட்டுவிட்டதால் கீழே உருவவும் வழியில்லை. வார்டு அண்ணன் ஒருவர் ஸ்கேன் அறையிலிருந்து ஜெல் கொண்டுவந்து தடவிப் பார்த்தார், விரல்தான் வழுக்கியது. மாவுக்கட்டு வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவரவா என்று கேட்டார். வெறும் வயிற்றில் கிடந்த மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என் வேலைய என் கண்ணு முன்னால மாவுக்கட்டுக் கத்தரியில வெட்டுவியா? பையனக் கூப்புடு" என்றார்.

பையன் என்பது அவரிடம் தொழில் கற்றவர், இப்போது ஐம்பது வயது. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இருபது நிமிஷத்தில் இரண்டு குறடோடு வந்துவிட்டார். வாசலில் செக்யூரிட்டி மறித்தார். பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் ஆறு. ஒரு நோயாளிக்கு ஒரே அட்டெண்டர், ஒரே பாஸ். அதோடு பையில் குறடு வேறு! நான் இறங்கிப் போய் விளக்கினேன். நோயாளியின் இடுப்பில் நகை மாட்டிக்கொண்டிருக்கிறது, கழற்ற ஆள் வந்திருக்கிறார் என்று சொல்வது எவ்வளவு சந்தேகமாகக் கேட்கும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. "நகையக் கழட்டவா?" என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மேலே போன் போட்டார், எடுக்கவில்லை. மேலாளர் ரவுண்ட்ஸில் இருக்கிறாராம். கால்வேயில் இது நடக்காது, அங்கே வாசலில் யாருமே இருக்கமாட்டார்கள் என்று நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பாஸைப் பையனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு நான் வெளியே நின்றேன்.

ஆக, ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஜெனரேட்டர் நிபுணன், மே மாத வெயிலில் மாம்பழ வண்டிக்குப் பக்கத்தில். வண்டிக்காரர் இமாம்பசந்து என்று சொல்லி எதையோ விற்றார், வாங்கிவிட்டேன். உள்ளே மூன்று நிமிஷத்தில் வேலை முடிந்ததாம். இரண்டு குறடு, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய். நான் பார்க்கவில்லை.

மேலே போனால் அடுத்த சண்டை நடந்துகொண்டிருந்தது. கழற்றிய பொருளுக்கு ஆஸ்பத்திரி சீட்டு எழுதித் தந்திருந்தது. "வெள்ளை நிற உலோகம், ஒன்று." விதிமுறை அப்படித்தான், தங்கம் வெள்ளி என்று எழுதமாட்டார்கள், போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. வாழ்நாள் முழுக்க வெள்ளியோடு புழங்கிய மனிதரிடம் இதைக் காட்டினால்? "வெள்ளை நிற உலோகம்னா அலுமினியமும் அதான். எடை எழுது" என்றார். சரி, எடை எழுதலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். தராசு? பிரசவ வார்டில் குழந்தை எடை பார்க்கிற மிஷின் இருந்தது. அதில் வைத்தால் 180 கிராம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. 184. அந்த மிஷின் பத்துப் பத்தாகத்தான் காட்டும் என்று சிஸ்டர் சொன்னார். "அப்ப அந்த நாலு கிராம் யாருது?" என்றார் மாமா. பதினொன்றரைக்கு டாக்டரே வந்து, "பெரியவரே, வாங்க, மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்று கூட்டிப் போனார்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அது ஒழுங்காக நடந்தது. கட்டியின் ஒரு ஓரம் பெரிய ரத்தக்குழாய்க்கு அருகில் இருந்ததால் ஊசியை இடம் மாற்றி இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு நிமிஷம். ஓடுகிற ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், அந்தப் பக்கத்துச் செல்கள் வேகாமல் தப்பிவிடும். சாயங்காலம் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "தடிமனான வளையத்துக்குப் பக்கத்துல பத்தவெக்குற பொடிய வெச்சு ஊதுனா ஒட்டுமா? சூட்டையெல்லாம் அது தின்னுரும். தள்ளி நின்னு ரெண்டு தரம் ஊதணும்" என்றார். சின்ன வயதில் அந்தப் பட்டறையில் பற்றவைக்கத் தூவுகிற வெண்காரம் கொப்புளிப்பதை வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். இந்த வேலைக்கு நான் எங்கே படித்தேன் என்று இப்போதுதான் புரிகிறது.

பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர்க்காரர் ஒருவர். அவருக்குக் கட்டி பெரிது, சுட முடியாது. தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழல் விட்டுக் கட்டிக்கே மருந்து செலுத்தி, குழாயையும் அடைத்திருக்கிறார்கள். நல்ல கல்லீரலுக்கு முக்கால்வாசி ரத்தம் குடலிலிருந்து வரும் சிரை வழியாகப் போகிறது, கட்டியோ தமனியைத்தான் நம்பி வளர்கிறது. ஆகவே தமனியில் அனுப்பினால் மருந்து கட்டிக்குத்தான் போகும். மருந்தைக் கலக்கிற எண்ணெய் கசகசாவிலிருந்து எடுத்து அயோடின் சேர்த்தது என்று சொன்னேன். "கசகசாவா? அதக் கொண்டுபோனா துபாய்ல புடிப்பாங்களே" என்றார் அத்தை. குருமாவைத் தவிர வேறு எதற்கும் அது உதவும் என்று அவர் நம்பத் தயாராக இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் பத்து நிமிஷம் பேசக் கிடைத்தது. சூட்டையும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் முயற்சிகள் பற்றிக் கேட்டேன். தெர்மோடாக்ஸ் என்று ஒன்று வந்தது. டாக்ஸோரூபிசின் என்கிற புற்றுநோய் மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து ரத்தத்தில் விடுவது. 40 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் குமிழி உடைந்து மருந்து கொட்டும். ஊசியைச் சுற்றி வேகாமல் வெறுமனே சூடாகிற விளிம்பு இருக்கிறதே, கட்டி மறுபடி முளைப்பது அங்கேதான், அந்த இடத்துக்கென்றே செய்தது. என்ன அழகான யோசனை! 701 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2013-ல் தோற்றது. 45 நிமிஷத்துக்கு மேல் சூடு பெற்றவர்களிடம் பலன் தெரிகிறது என்று நம்பி அடுத்த ஆய்வு தொடங்கினார்கள், அதுவும் பாதியில் நின்றது. "சேலத்து மே மாசத்துல எங்க பேஷண்ட் வாசல்ல நின்னாலே மருந்து கொட்டியிருக்கும்" என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த யோசனைமேல் எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து எடுத்த சிடி ஸ்கேனில் சுட்ட இடம் கருவட்டமாகத் தெரிகிறது, ஓரத்தில் மிச்சம் எதுவும் இல்லை. படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அதோடு மாமாவின் குரல் பதிவு ஒன்று. கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரைஞாணைப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தாராம், சரியாக 184. சீட்டில் 180 என்று இருப்பதைத் திருத்தித் தரச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு நான் இங்கிலீஷில் ஒரு மெயில் போட வேண்டுமாம். அதுவரை அவர் இடுப்பில் சிவப்புக் கயிறுதான்.