ரயில் பாதையோரம் ஆறு கண்ணாடி இதழ்கள்: ஜெனீவாவின் அமைதி இல்லம்

ஜெனீவாவுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள், ஐ.நா. அலுவலகத்துக்கு எதிரே ஒரு கால் முறிந்து 12 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மர நாற்காலியின்முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கண்ணிவெடியில் காலிழந்தவர்களை உலகுக்கு நினைவூட்ட 1997-இல் நிறுவப்பட்ட சின்னம் அது. அந்த நாற்காலி எந்த வேலையைச் செய்யச் சொல்கிறதோ அந்த வேலைக்கான அலுவலகம் நடந்தே போகும் தூரத்தில், செஷெரோன் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் ‘மெசோன் த லா பே’ வளாகத்தில், அதாவது அமைதி இல்லத்தில் இருக்கிறது. மகள் அந்த ஊரில் படிப்பதால் அவ்வளாகத்தை அவசரமில்லாமல் பார்க்க முடிந்தது.

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1955-இல் தொடங்கிய அத்தொழிற்சாலைக்கு ரயில்பெட்டி கட்டும் தொழில்நுட்பத்தைத் தந்தது சூரிச் அருகே ஷ்லீரனில் இயங்கிய சுவிஸ் நிறுவனம்; ஆகவே அந்நாட்டவரின் வேலைப்பாட்டின்மீது எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு என்பதை வாசகர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். வளாகத்துக்குக் கிடைத்த இடம் தண்டவாளத்தை ஒட்டிய நீண்ட, ஒடுங்கிய நிலம். ‘ஐபாஸ்’ நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ஓட் என்ற கட்டடக்கலைஞர் அந்தக் குறுகலை மறைக்க முயலாமல், இதழ்கள் என்று அவர்களே அழைக்கும் ஆறு கண்ணாடிக் கட்டடங்களை ஒன்றோடொன்று இணைத்து, பாதையின் போக்கிலேயே வரிசையாக நிறுத்தியிருக்கிறார். பன்னாட்டு உறவுகளும் வளர்ச்சியும் கற்பிக்கும் பட்டமேற்படிப்பு நிறுவனம் 2013-இல் இங்கே குடியேறியது. ரயில் போகும்போது கட்டடம் அதிர்கிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் வந்த பழக்கம். சன்னலோர மேசையில் வைத்திருந்த காபிக் கோப்பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், வண்டி கடந்துபோன பிறகும் காபியில் ஒரு சிற்றலைகூட எழவில்லை.

கட்டடத்தைவிட எனக்குப் பிடித்தது, தண்டவாளத்தின்மேல் குறுக்கே செல்லும் பாலம். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்குமாக 2014-இல் திறக்கப்பட்ட இப்பாலம், ரயில் பாதை பிரித்துவைத்த இரண்டு பகுதிகளையும் சேர்த்துவிட்டது. கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு வண்டி போகும்வரை நின்று பழகிய யாருக்கும் இதன் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி உள்ளே இருப்பவற்றுக்கு வருகிறேன். தூதரக அதிகாரிகளுக்கும் இராணுவ அதிகாரிகளுக்கும் பயிற்சி தரும் பாதுகாப்புக் கொள்கை மையம் 1995-இல் தொடங்கியது. காவல்துறையும் படைகளும் மக்களாட்சிக்குக் கட்டுப்பட்டு நடப்பது எப்படி என்று அரசுகளுக்கு ஆலோசனை சொல்லும் மையம் 2000-இல் உருவானது. இவ்விரண்டையும் விட, 1998-இல் அமைக்கப்பட்ட மனிதநேயக் கண்ணிவெடி அகற்றல் மையமே தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டியது என்பேன்.

புழல் காவாங்கரை அகதிகள் முகாமில் எனக்குத் தெரிந்த கிளிநொச்சிக்காரர் ஒருவர், ஊர் திரும்பும் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார்: “காணியில மிதிவெடி இல்லை எண்டு ஆர் அண்ணை எழுதித் தாறது?” வெடி அகற்றப்பட்டதாக எழுதிக் கொடுப்பது அந்தந்த நாட்டு அதிகாரிகளின் பொறுப்பு. ஆனால், எதைச் செய்து முடித்தால் ஒரு நிலத்தை ஆபத்தற்றது என்று சொல்லலாம் என்ற பன்னாட்டுத் தர விதிகளை உருவாக்கும் பணிக்கு இந்த மையம் துணை நிற்கிறது. ஊராரின் நினைவையும் பழைய பதிவுகளையும் கேட்டுத் தொகுப்பது, சந்தேகத்துக்குரிய இடத்தைக் கருவிகொண்டு ஆராய்வது, பிறகு அங்குலம் அங்குலமாக அகற்றுவது, அகற்றியதைச் சரிபார்ப்பது என்று அது படிப்படியாகப் போகும். இத்தகவல்களைச் சேர்த்து வரைபடமாக்கும் கணினி அமைப்பும் இம்மையம் உருவாக்கியதே. இலங்கையிலும் அது பயன்பட்டிருக்கிறது. போர்முனையாக நெடுங்காலம் இருந்த முகமாலை போன்ற இடங்களில் வெடி எடுக்கும் பெண்கள் மண்டியிட்டு மண்ணைச் சுரண்டும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்போம். இலங்கை 2017 டிசம்பரில்தான் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை. அந்த உடன்படிக்கையின் செயலாக்கப் பிரிவும் இதே மையத்தில்தான் இயங்குகிறது. 2025-இல் போலந்து, பின்லாந்து, பால்டிக் நாடுகள் மூன்று ஆகியவை உடன்படிக்கையிலிருந்து விலக முடிவெடுத்ததை நினைத்தால், அங்கே வேலை செய்பவர்களுக்கு இது நல்ல காலமில்லை என்றே தோன்றுகிறது.

குறை என்று நான் சொல்வது இதைத்தான். இத்தனை கண்ணாடி வைத்துக் கட்டியும் இந்த வேலையின் சாயல் எதுவும் வெளியிலிருந்து தெரிவதில்லை. உள்ளே நடப்பது கோப்பும் கணினியும் சார்ந்த பணி என்பதும், பாதுகாப்புக் காரணங்கள் உண்டு என்பதும் புரிகிறது. ஆனாலும் தெருவில் போகிறவனுக்கு வங்கித் தலைமையகமும் இதுவும் ஒன்றுபோலவே தோன்றும். முகமாலை வரைபடம் ஒன்றைத் தரைத்தளக் கண்ணாடியில் ஒட்டிவைத்தால்கூட, நாற்காலியைப் படம் எடுத்தவர்களில் நாலு பேராவது இங்கே வருவார்கள். இன்னொன்று: நம்மூர் அதிகாரிகள் யாராவது இதைப் பார்த்துவிட்டு, எண்ணூர் பக்கம் இப்படிக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. குளிர்நாட்டில் வெயிலை வரவேற்கும் சுவர் சித்திரை மாதத்தில் என்ன செய்யும் என்பதை மின்கட்டணமே சொல்லிவிடும்.

போக விரும்புவோர் 15-ஆம் எண் டிராமில் ஏறினால் வளாகத்தின் பெயரிலேயே நிறுத்தம் வரும். செஷெரோனில் ரயிலிலிருந்தும் இறங்கலாம். சும்மா சுற்றிப் பார்ப்பதைவிட, வளாகத்திலுள்ள இவான் பிக்தே அரங்கில் பொதுச் சொற்பொழிவு நடக்கும் நாளாகப் பார்த்து, முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்துகொண்டு போவது நல்லது. பேச்சு ஆங்கிலத்திலா பிரெஞ்சிலா என்பதை அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு ஜெனீவா விலை கட்டுப்படியாகாது என்பவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம்.