தீபாவளி விடுமுறையில் பனி: சப்போரோவா, முரோடோவா, சியோலா, மணாலியா?

அக்டோபர் பிறந்தால் கோலாலம்பூர் குடும்பங்களில் இரண்டு பேச்சு ஓடும். இந்த வருடம் முறுக்கு யார் வீட்டில் சுடுவது என்பது ஒன்று. விடுமுறைக்குப் பனி பார்க்கப் போகலாமா என்பது இன்னொன்று. கெந்திங் குளிரும் கேமரன் மலை மூடுபனியும் நமக்குப் பழகிப்போனவை. நம் நாட்டு வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் காட்டிய 7.8 டிகிரிதான். பிள்ளைகள் கையில் அள்ளி எறிகிற பனி வேண்டுமென்றால் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும்.

பயண விளம்பரங்களில் நவம்பர் என்றாலே எல்லா ஊரும் வெள்ளையாக இருக்கும். நிஜத்தில் அப்படி இல்லை. முதல் சிக்கல் நம் காலண்டரிலேயே இருக்கிறது. தீபாவளி 2024-இல் அக்டோபர் 31-இல் வந்தது, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. வடக்கு நாடுகளில் இந்த மூன்று வார இடைவெளிக்குள் இலையுதிர்காலம் பாதியிலிருந்து முடிவுக்கு வந்துவிடும். ஒரு வருடம் சிவப்பு இலையைப் படமெடுத்துவிட்டு வந்த அதே இடத்தில், மறு வருடம் முழங்கால் அளவு பனி கிடக்கலாம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை என்றால் கணக்கே வேறு. அதனால் ஊரை முடிவு செய்வதற்கு முன்னால் தேதியையும் அந்த இடத்தின் உயரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "முதல் பனி விழுந்தது" என்ற செய்தியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். நாலு பனித்துகள் காற்றில் பறந்தாலே வானிலை நிலையம் அதை முதல் பனி என்று பதிவு செய்துவிடும். மதியத்துக்குள் அது தண்ணீர். தரையில் தங்கி நிற்கும் பனி பல வாரம் கழித்துத்தான் வரும். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது பனிதான்.

பனி எங்கிருந்து வருகிறது

அக்டோபரிலிருந்து சைபீரியாவின் மேல் குளிர்ந்த, கனமான காற்று தேங்கத் தொடங்குகிறது. இப்படி உருவாகும் உயர் அழுத்தம் அவ்வப்போது உடைந்து தெற்காகவும் கிழக்காகவும் வழியும். ஜப்பான் கடலைத் தாண்டும் காற்று, இன்னும் சூடு ஆறாத கடல்நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் ஜப்பானின் மேற்குக் கரை மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. அதே சைபீரியக் குளிர்காற்றின் இன்னொரு கிளை தென்சீனக் கடல் வழியாக நம் பக்கம் இறங்குகிறது. வழியெல்லாம் ஈரம் குடித்துவிட்டு கிளந்தானிலும் திரங்கானுவிலும் அடைமழையாகப் பெய்கிறது. கோத்தா பாருவில் வெள்ள நிவாரண மையம் திறப்பதற்கும் சப்போரோவில் பனி வாருவதற்கும் மூலம் ஒன்றுதான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

உயரத்தின் கணக்கு எளிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கே.எல்.லில் 32 டிகிரியில் வேர்த்துக் கொட்டும்போது சுமார் 1,800 மீட்டரில் இருக்கும் கெந்திங்கில் குளிர்ச்சட்டை தேடுவது இதனால்தான். பருவம் முந்திய பனியைத் தேடுகிறவர்களுக்கு வடக்கே போவதைவிட மேலே ஏறுவது பல நேரங்களில் கை கொடுக்கும்.

சப்போரோவும் ஹொக்கைடோவும்

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவும் அதன் பெரிய நகரமான சப்போரோவும்தான் நம்மவர்களின் முதல் தேர்வு. காரணமும் இருக்கிறது. கே.எல்.லிலிருந்து நேரடி விமானம் உண்டு, மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், ஒரு குளிர்காலத்தில் சப்போரோ நகரத்திலேயே மொத்தமாக ஐந்து மீட்டர் அளவுக்குப் பனி விழும். கிட்டத்தட்ட இருபது லட்சம் பேர் வாழும் ஊரில் இவ்வளவு பனி என்பது உலகத்திலேயே அரிது.

ஆனால் எப்போது? சப்போரோவில் முதல் பனியின் சராசரித் தேதி நவம்பர் தொடக்கம். தங்கும் பனி டிசம்பர் முதல் வாரம். நவம்பர் மாதத்தின் சராசரி வெப்பநிலை சுமார் 5 டிகிரி. இது பனிக்கும் மழைக்கும் நடுவில் தொங்குகிற எண். காலையில் பனி, மதியம் மழை, மாலையில் சேறு என்று ஒரே நாளில் மூன்றையும் பார்க்கலாம். அக்டோபர் கடைசியில் தீபாவளி வரும் வருடத்தில் சப்போரோ நகரத்துக்குப் பனிக்காகப் போவது காசைக் கரைப்பதுதான். அந்த நேரத்தில் அங்கே அழகு இலைகளில் இருக்கும். இலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனால் தப்பில்லை.

நவம்பர் கடைசி வாரத்திலிருந்து நிலைமை மாறுகிறது. நகரத்திலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய சப்போரோ கொக்குசாய் பனிச்சறுக்கு மையம் பெரும்பாலும் நவம்பர் பிற்பகுதியில் திறந்துவிடும். பேர்பெற்ற நிசேக்கோ அனேகமாக டிசம்பர் பிறக்கும்போது. டிசம்பரில் சப்போரோவில் மட்டும் சராசரியாக ஒரு மீட்டருக்கு மேல் பனி விழுகிறது. ஆண்டிறுதி விடுமுறைக்காரர்கள் மேலே எதையும் யோசிக்க வேண்டாம், இங்கேயே போகலாம். ஒரே எச்சரிக்கை: டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். ஏழு மணி வெளிச்சத்துக்குப் பழகிய நாம் காலை பத்து மணிக்குப் பசியாறிவிட்டு மெதுவாகக் கிளம்பினால் பாதி நாள் போய்விடும்.

அக்டோபரிலேயே ஹொக்கைடோ போயே தீருவேன் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2,291 மீட்டர் உயரமுள்ள அசாஹிடாகேதான் அந்தத் தீவின் உயரமான மலை. அதன் உச்சியில் செப்டம்பர் கடைசியிலேயே முதல் பனி வந்துவிடும். ஜப்பானிலேயே ஆண்டின் முதல் பனிச் செய்தி பெரும்பாலும் இந்த மலைத்தொடரிலிருந்துதான் வரும். ரோப்வே என்னும் கம்பி வண்டி உங்களை 1,600 மீட்டர்வரை ஏற்றிவிடும். அக்டோபர் பிற்பகுதியில் அந்த உயரத்தில் வெள்ளையைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. சரி, நவம்பரில் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். நவம்பரில் அந்த ரோப்வே பராமரிப்புக்காகச் சில வாரம் நின்றுவிடும். இதைப் பார்க்காமல் பதிவு செய்தால் அடிவாரத்தில் ஒன்சென் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நான் கையைக் காட்டுவது முரோடோவை

நவம்பர் முதல், இரண்டாம் வாரத்தில் தீபாவளி வந்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஜப்பானின் மேற்குக் கரையில் டோயாமா பக்கம் இருக்கும் டடேயாமா குரோபே மலைப்பாதையின் உச்சி நிறுத்தம் முரோடோ, உயரம் 2,450 மீட்டர். ஏப்ரலில் இருபுறமும் பனிச்சுவர் நிற்க நடுவில் பேருந்து போகும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இங்கேதான். ஏப்ரல் நடுவில் திறக்கும் இந்தப் பாதை நவம்பர் 30 வரை ஓடும் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டோயாமா நகரில் நவம்பர் சராசரி சுமார் 12 டிகிரி. 2,450 மீட்டர் ஏறினால் 16 டிகிரி குறையும். ஆக மேலே மைனஸ் 4. அந்த உயரத்தில் ஈரம் வந்தால் அது பனியாகத்தான் விழும், விழுந்தது லேசில் கரையாது. கீழே பள்ளத்தாக்கில் சிவப்பு, மஞ்சள் இலைகள், மேலே வெள்ளை. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். மலை ஏறத் தெரிய வேண்டியதில்லை. கேபிள் காரும் பேருந்துமே மேலே கொண்டு விடும் என்பதால் அப்பத்தாவையும் கூட்டிப் போகலாம். தோக்கியோவிலிருந்து டோயாமாவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

குறையும் உண்டு. நவம்பரில் கடும் பனி வந்தால் மேல்பகுதிப் பேருந்தை நிறுத்திவிடுவார்கள். பனி தேடிப் போய், பனி அதிகமானதால் பார்க்க முடியாமல் திரும்புகிற கொடுமை இங்கே நடக்கும். அதனால் டோயாமாவில் குறைந்தது இரண்டு இரவாவது தங்கும்படி வைத்துக்கொண்டு, வானம் தெளிந்த நாளில் ஏறுங்கள்.

சராசரியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஃபூஜி மலையே சாட்சி. அதன் உச்சியில் பனி தென்படும் சராசரித் தேதி அக்டோபர் 2. 2024-இல் நவம்பர் 7 வரை உச்சி மொட்டையாகவே நின்றது. 1894-இல் பதிவு தொடங்கியதிலிருந்து இவ்வளவு தாமதம் நடந்ததில்லை. அந்த வருடம் தீபாவளிக்கு ஜப்பான் போனவர்கள் பனி இல்லாத ஃபூஜியைத்தான் படமெடுத்தார்கள்.

கொரியா

கொரியத் தொடர் பார்க்கிற வீடுகளில் இதற்குத் தனி ஓட்டு விழும். முதல் பனியில் காதலைச் சொன்னால் பலிக்கும் என்கிற நம்பிக்கை அங்கே உண்டு. நம் பிள்ளைகள் அதற்காகவே சியோலைக் கேட்கிறார்கள். சியோலில் முதல் பனியின் சராசரி நவம்பர் 20-ஐ ஒட்டி. எனவே தீபாவளிக்கு ஒத்துவராது. கிழக்கே இருக்கும் சொராக்சான் மலையில் அக்டோபர் பிற்பகுதியிலேயே உச்சியில் முதல் பனி வருவதுண்டு, ஆனால் அதைக் கையில் தொட மலை ஏற வேண்டும்.

கொரியக் குளிர்காலம் பெரும்பாலும் வறண்டது. குளிர் கடுமையாக இருக்கும், பனி கொஞ்சமாகத்தான் விழும். பனிச்சறுக்கு மையங்கள் நவம்பர் கடைசியில் திறப்பது இயந்திரப் பனியை நம்பித்தான். பிள்ளைகளுக்கு அதுவும் போதும் என்பது வேறு விஷயம். விதிவிலக்காக 2024 நவம்பர் 27, 28-இல் சியோலில் கொட்டிய பனி, 1907-இல் பதிவு தொடங்கியதிலிருந்து நவம்பரில் விழுந்த மிக அதிகமான பனி. மேற்கே கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது, மேலே கடுங்குளிர் காற்று வந்தது. விமானங்கள் ரத்தாயின, கனத்த ஈரப்பனியில் மரங்கள் முறிந்தன. அந்த மாதிரி வாரத்தை எதிர்பார்த்து டிக்கெட் எடுப்பது நாலு நம்பர் வாங்குவது போல.

மணாலி, குல்மார்க்

திருப்பதி, பழனி என்று இந்தியாவுக்குப் போகிற குடும்பங்கள் அப்படியே வடக்கே ஒரு எட்டு போய்ப் பனியையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடும். பேச்சு எளிது, உணவு நம் உணவு, செலவும் குறைவு. இதில் எனக்கும் சபலம் உண்டு. ஆனால் பருவம் எதிராக நிற்கிறது.

இமயமலையின் மேற்குப் பகுதிக்குப் பனியைக் கொண்டுவருவது சைபீரியா அல்ல. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்னும் காற்றலைகள்தான். அவை டிசம்பருக்குப் பிறகுதான் அடுத்தடுத்து வரும். அக்டோபரும் நவம்பரும் அங்கே ஆண்டிலேயே மிக வறண்ட மாதங்களில் சேர்ந்தவை. வானம் நீலமாக, மலைகள் பளிச்சென்று இருக்கும். மணாலி ஊருக்குள், அதாவது சுமார் 2,050 மீட்டரில், பனி இருக்காது. 3,978 மீட்டரில் இருக்கும் ரோதாங் கணவாய்க்கு ஏறினால் பழைய பனித்திட்டோ புதுப் பனியோ கிடைக்கலாம். ஆனால் நல்ல பனி விழுந்துவிட்டால் கணவாய்ச் சாலையை மூடிவிடுவார்கள். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை வழியாக மலைக்கு மறுபுறம் போக முடிகிறது என்பது இப்போதைய வசதி. டெல்லியிலிருந்து மணாலிக்குப் பேருந்தில் ஓர் இரவு முழுக்க ஆகும் என்பதையும் வயதானவர்கள் இருந்தால் யோசியுங்கள்.

காஷ்மீரின் குல்மார்க்கில் கொண்டோலா என்னும் கம்பி வண்டியில் ஏறினால் கிட்டத்தட்ட 4,000 மீட்டரைத் தொடலாம். நவம்பரில் உச்சியில் வாய்ப்பு உண்டு, கீழே இல்லை. 2024 ஜனவரி நடுவிலேயே குல்மார்க் பனியில்லாமல் மண்ணாகக் கிடந்ததை உலகச் செய்திகள் காட்டின. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் அங்கே பல சுற்றுலா இடங்களை மூடியதும் நினைவிருக்கட்டும். ஜனவரி, பிப்ரவரியில் விடுப்பு கிடைப்பவர்களுக்கு இந்த இரண்டு இடமும் அருமை. தீபாவளிக்கு வேண்டாம்.

மற்றவை, சுருக்கமாக

சீனாவின் லிஜியாங்கில் யூலோங் பனிமலை இருக்கிறது. கேபிள் கார் 4,506 மீட்டருக்கு ஏற்றிவிடும். எந்த மாதத்திலும் ஏதாவது வெள்ளை கண்ணில் படும், மலேசியர்களுக்கு விசாவும் வேண்டாம். அங்கே தடை மெலிந்த காற்றுத்தான்: ஆக்சிஜன் டப்பாவை உறிஞ்சிக்கொண்டு நடக்கிறார்கள். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களை மேலே கூட்டிப் போகாதீர்கள். அதே நாட்டின் வடகிழக்கில் இருக்கும் ஹார்பினில் நவம்பரில் குளிர் நிச்சயம், ஆனால் பேர்பெற்ற பனிச்சிற்பங்கள் டிசம்பர் நடுவுக்குப் பிறகுதான். சுவிட்சர்லாந்தில் 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக்கில் ஆண்டு முழுக்கப் பனி உண்டு. தேதிக் கவலையே இல்லாத ஒரே இடம் அதுதான், பணக்கவலை மட்டும் மிச்சம்.

புறப்படும் முன்

பத்து நாளுக்கு முன்னால் வரும் பனிக் கணிப்பைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஐந்து நாள் இருக்கும்போது பாருங்கள். சமவெளியில் பனி விழுமா என்று பார்க்க ஜப்பானிய வானிலையாளர்கள் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மைனஸ் 6 டிகிரிக்கு இறங்குகிறதா என்பதைத்தான் கவனிப்பார்கள். அந்த வரைபடம் இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கிறது. முரோடோவுக்கும் அசாஹிடாகேவுக்கும் நேரலைக் கேமராக்கள் இருக்கின்றன; காலையில் தே தாரிக் ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். கனத்த குளிர்ச்சட்டையை விலைகொடுத்து வாங்க வேண்டாம், கே.எல்.லில் வாடகைக்குத் தருகிறார்கள். வழுக்காத காலணிக்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

பினாங்குக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் பெரும்பாலும் கே.எல்., சிங்கப்பூர் அல்லது தைப்பேயில் மாறித்தான் போக வேண்டியிருக்கும். பனி நாட்டிலிருந்து திரும்பும் விமானம் தாமதமாவது சாதாரணம். 2016 கிறிஸ்மஸ் வாரத்தில் சப்போரோவின் நியூ சித்தோசே விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பனியால் மாட்டி, முனையத்திலேயே படுத்துத் தூங்கினார்கள். மலிவாக இருக்கிறதென்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது நடுவில் ஓர் இரவு விட்டுவையுங்கள். பள்ளி திறக்கும் நாளுக்கு முந்திய இரவில் வந்து இறங்குவது போல மட்டும் போடாதீர்கள்.